விசாரணைக்கும் கைதுக்கும் இடையில்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வெளியூர்க் கூட்டம் பெருகும். நகை, கைப்பேசித் திருட்டுப் புகார்களும் கூடவே வரும். ‘சும்மா ஒரு விசாரணை’ என்று அழைத்துச் செல்லப்படுபவருக்கு என்ன உரிமை உண்டு என்று தென்காசி நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அது எந்த நிமிடத்திலிருந்து செயல்படத் தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல்.

கைதுக்கான காரணத்தை அறியவும், விரும்பிய வழக்குரைஞரைக் கலந்தாலோசிக்கவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித் துறை நடுவர் முன்பு நிறுத்தப்படவும் அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது கூறு உரிமை அளிக்கிறது. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளில் பல, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இடம்பெற்றுள்ளன. சாட்சி கையொப்பத்துடன் கைதுக் குறிப்பு (பிரிவு 36), விசாரணையின்போது வழக்குரைஞரைச் சந்தித்தல் (38), உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் (48), மருத்துவப் பரிசோதனை (53) ஆகியவை அவை. ஊரும் உறவும் தொலைவில் இருக்கும் சுற்றுலாப் பயணிக்கு 48-ஆவது பிரிவே முதல் பாதுகாப்பு.

ஆனால், இவை அனைத்தும் ‘கைது’ என்று பதிவான பிறகே பேசப்படுகின்றன. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணாமல்போன புகாரில் முறைப்படி கைது செய்யப்படாமலேயே, காவல் நிலையத்துக்கு வெளியே தாக்கப்பட்டு உயிரிழந்தார். காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் வேண்டும் என்ற 2020 டிசம்பர் உச்சநீதிமன்ற உத்தரவு அங்கே அவருக்கு உதவவில்லை.

பதிவு மட்டும் போதாது என்பதற்குச் சாத்தான்குளம் சான்று. 2020 ஜூன் 19-இல் பிடிக்கப்பட்ட வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் மறுநாளே நீதிமன்றக் காவலில் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சில நாள்களில் இருவரும் இறந்தனர். நடுவரின் கண்கள் காகிதத்தை மட்டுமல்ல, உடலையும் பார்க்க வேண்டும்.

காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்கிறது பாரதிய சாக்ஷிய அதிநியம் 23-ஆவது பிரிவு. எனினும், பொருளைக் கண்டெடுக்க வழிவகுத்த பகுதி மட்டும் ஏற்கப்படும். நகையைத் தேடும் விசாரணைகளில் அடி விழுவதற்கு இந்த விதிவிலக்கும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கைது தேவையில்லாத வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பிரிவு 35-இன்படி அறிவிப்பு அளிக்க வேண்டும். சாட்சியை அழைக்கப் பிரிவு 179-இன்படி எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்கு உள்பட்ட, 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். எனவே, ‘விசாரணைக்கு வா’ என்றால் அந்தக் கடிதத்தைக் கேட்பது குடிமகனின் உரிமை. அது அவமதிப்பு ஆகாது. காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

அழைத்து வரப்படும் ஒவ்வொருவரின் பெயரும் நேரமும், விசாரணைக்கே ஆனாலும், உடனடியாகப் பதிவாகிக் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். பதிவில்லாத அந்தச் சில மணி நேரத்தை மூடாதவரை மற்ற உரிமைகள் தாமதமாகவே வந்து சேரும்.