முதியோர் பணத்துக்குக் கவுன்சிலரிடம் போகலாமா?

காலை ஏழரை மணிக்குக் கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். ஒரு பாட்டியின் கையில் மஞ்சள் பை. அதற்குள் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, பாஸ்புக். "ஏம்மா, ரெண்டு மாசமா முதியோர் பணம் வரலை. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடேன், வந்துரும்."

வராது. அந்தப் பணத்துக்கான கோப்பு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ போவதே இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறையின் வேலை. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து எழுதுவார்கள். உத்தரவு போடுபவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர்.

தொகையை உயர்த்துவதும் கவுன்சிலர் கையில் இல்லை. 1962இல் மாநில அரசு தொடங்கிய திட்டம் இது. 2023 ஆகஸ்டில் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு மத்திய அரசின் பங்கு, 79 வயது வரை 200 ரூபாய், 80 வயதிலிருந்து 500 ரூபாய். மிச்சம் மாநிலத்தினுடையது. 'இது பத்தவில்லை' என்று சொல்ல வேண்டிய இடம் சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும்.

அப்படியானால் கவுன்சிலர் எதற்கு?

முதலில், பணம் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க. பல ஊர்களில் வங்கி முகவர் ஒரு சின்ன மெஷினோடு தெருவுக்கே வந்து பணம் தருகிறார். பாட்டி விரலை வைக்க வேண்டும். ஐம்பது வருடம் பாத்திரம் தேய்த்து, நாற்று நட்ட கட்டைவிரலில் கோடு எங்கே இருக்கிறது? "ரேகை விழலை பாட்டி, அடுத்த விரலை வைங்க" என்று பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு முகவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பணம் கணக்கிலேயே கிடக்கும். பாட்டி 'நிறுத்திவிட்டார்கள்' என்று நினைத்துக்கொள்வார். வங்கிக் கிளைக்கு நேரில் கூட்டிப்போனால் தீரக்கூடிய சிக்கல் அது. தகுதியில்லை என்று நிறுத்தியிருந்தால் வழி வேறு: காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம், முதல்வரின் உதவி எண் 1100இலும் சொல்லலாம். எது எந்தச் சிக்கல் என்று பிரித்துச் சொல்லவும் கூட ஆள் அனுப்பவும் கவுன்சிலரால் முடியும்.

அடுத்தது, அவருக்கே உரிய வேலை. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 18 பொறுப்புகளை அது பட்டியலிட்டது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, பேருந்து நிறுத்தம் எல்லாம் அதில் உண்டு. நலிந்த பிரிவினரின் நலன் காப்பதும் உண்டு. படிப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். எழுபது வயதுக்காரரின் ஒரு நாளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். தெருக் குழாயில் தண்ணீர் காலை நாலு மணிக்கு வந்தால் அவரால் குடம் தூக்க முடியுமா? விளக்கு எரியாத தெருவில் மாலை கோயிலுக்குப் போய்த் திரும்புவாரா? நிறுத்தத்தில் உட்காரத் திண்டு இல்லையென்றால் அரை மணி நேரம் நிற்பாரா? அரசு தரும் உதவித்தொகையைப் போலவே இவையும் அவர் எப்படி வாழ்கிறார் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இவற்றைக் கேட்கத் திண்ணையைவிடப் பலமான இடம் பகுதி சபை. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாகக் கூடியது. கிராமசபையின் நகரத்துத் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்களை உட்கார வைத்துக் கோரிக்கை கேட்பார்கள். அது வார்டு குழுவுக்குப் போகும். குழுவின் தலைவர் கவுன்சிலர். அங்கே பேசுவதோடு விடாமல் எழுதியும் கொடுங்கள். 'எங்கள் தெரு சரியில்லை' என்றால் யாருக்கும் புரியாது. 'மூன்றாவது குறுக்குத் தெரு, இத்தனையாம் எண் விளக்குக் கம்பம், பதினைந்து நாளாக எரியவில்லை' என்று எழுதினால் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

திண்ணைப் பாட்டி மஞ்சள் பையை மடித்துக்கொண்டு எழுந்து போகிறார். வாசலைத் தாண்டினால் சாக்கடை மேல் சிலாப் உடைந்து கிடக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை எட்டி வைத்து, மெல்லக் கடக்கிறார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவுன்சிலரால் நேரடியாகச் செய்திருக்கக் கூடியது அதுதான்.