150 லிட்டர் எங்கே போகிறது?

சந்தாபுரா சந்திப்பில் ஓசூர் சாலையை விட்டு ஆனேக்கல் பக்கம் திரும்பினால் பழைய மாருதி ஜிப்ஸிகள் இன்னும் கண்ணில் படும். 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்த நான்கு சக்கர இழுவை வண்டி அது. 1996இல் வந்த 1,298 சிசி ஜிப்ஸி கிங்கிலும் கார்புரேட்டர்தான். 2000இல் கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ. வந்து, குதிரைத்திறன் 60இலிருந்து 80 ஆனது. ஆகவே கார்புரேட்டர் ஜிப்ஸி எதுவானாலும் வயது கால் நூற்றாண்டை எட்டியிருக்கும். ஒர்க்ஷாப்பில் கேட்கும் புகார் ஒன்றுதான்: “பத்து குடுத்த வண்டி, இப்போ எட்டுதான் குடுக்குது.”

அந்த இரண்டு கிலோமீட்டரைப் பணமாக்கிப் பார்ப்போம். ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், 10 கொடுக்கும் வண்டிக்கு 600 லிட்டர். 8 கொடுப்பதற்கு 750. கூடுதல் 150 லிட்டர். 2024 ஜூனில் கர்நாடக அரசு வரியை உயர்த்தியபோது பெங்களூருவில் பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் ஏறியது. கணக்குக்கு 103 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 15,450 ரூபாய் வீண். 20 வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கியபோது எல்லாரும் கொதித்தோம். அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. இது ஒவ்வோர் ஆண்டும் போவது.

முதல் பழி எத்தனாலின் மேல் விழுகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரி 6 அன்று பிரதமர் அறிமுகப்படுத்தியதே பெங்களூருவில்தான். பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. 6.5 என்று வைத்தால் 600 லிட்டர் 642 ஆகும். 42 லிட்டர், 4,326 ரூபாய். இதை எந்த மெக்கானிக்காலும் மீட்டுத் தர முடியாது. மீதி 108 லிட்டருக்கு எத்தனால் பொறுப்பல்ல. அதை வண்டிக்குள்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதைக் காற்றுக் கணக்கு சொல்லும். ஒரு கிலோ சாதாரண பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்கு ஏறக்குறைய 13.5. எனவே கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டை மாற்றாமல் இ20 ஊற்றினால் கலவை 8 முதல் 9 சதவீதம் லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைகிறது. பெங்களூருவோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி 8 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. கார்புரேட்டர் அதைத் தானாகச் சரிசெய்யாது. கலவை 4 சதவீதத்துக்குச் சற்று மேல் ரிச் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் கூடிவிடும். இரண்டையும் கழித்தால், சந்தாபுராவில் மிஞ்சுவது சுமார் 4 சதவீத லீன். சென்னைக்கு இறங்கினால் உயரத்தின் உதவி போய்விடும். லீன் முழு 8, 9 சதவீதமாகும். 2,240 மீட்டர் உயர ஊட்டிக்கு ஏறினால் காற்று 20 சதவீதம் மெலியும், கலவை மறுபடி ரிச் பக்கம் சாயும்.

ஆகவே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை கரி பிடித்துக் கறுத்திருந்தால் உள்ளே போகும் பெட்ரோல் அதிகம். லீன் ஆக்கும் எத்தனால் அந்தக் கறுப்புக்குக் காரணமாக இருக்க முடியாது.

எனக்கு முதலில் சந்தேகம் வருவது நீடில் வால்வ் மேல்தான். ஃப்ளோட் மேலே வந்ததும் பெட்ரோலை அடைக்க வேண்டிய கூம்பு முனை அது. நகத்தால் வருடினால் முனையைச் சுற்றித் தேய்ந்த வளையம் தட்டுப்படும். அந்த வளையத்தின் வழியே நொடிக்கு ஒரு சொட்டு கூடுதலாகக் கசிகிறது என்று வையுங்கள். 20 சொட்டு 1 மி.லி. என்றால் மணிக்கு 180 மி.லி. ஓசூர் சாலை நெரிசலில் சராசரி வேகம் 25 கி.மீ. என்றால் 6,000 கி.மீ.க்கு 240 மணி நேரம். மொத்தம் 43 லிட்டர், சுமார் 4,450 ரூபாய். எத்தனாலின் மேல் போட்ட பழிக்குச் சமமான தொகையை ஒரு சிறு முனை தின்றுவிடுகிறது.

மீதி 65 லிட்டர் முழுதாகத் திறக்காத சோக்கிலும், ஜிகணி கிரானைட் தூசி படிந்த ஏர் ஃபில்டரிலும், லாக் ஆகியே கிடக்கும் முன் ஹப்பிலும், காற்று குறைந்த டயரிலும் பிரிந்து கிடக்கும். இவற்றைச் சரிபார்க்க ஒரு காலைப்பொழுது போதும்.

பிளக் வெளுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி திக்கினால் கதை வேறு. அங்கே ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயாப்ரம் கிழிந்திருக்கலாம், கார்புரேட்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட் காற்று இழுக்கலாம், அல்லது ஜெட் அடைத்திருக்கலாம். 1 மி.மீ. துளையின் சுவரில் 0.02 மி.மீ. படிவு சேர்ந்தால் விட்டம் 0.96 ஆகும், பரப்பில் 8 சதவீதம் போய்விடும். அந்தப் படிவு தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கிளீனர் ஸ்ப்ரே அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் போதும். குண்டூசியோ டிரில்லோ உள்ளே போகக் கூடாது. ஜெட் பித்தளை, ஊசி எஃகு. 1 மி.மீ. துளையை 1.1 ஆக்கினால் பரப்பு 21 சதவீதம் கூடும். இந்த ஊர் உயரத்தில் நமக்குத் தேவையோ 4 சதவீதம். “ஜெட்டைக் கொஞ்சம் பெரிசு பண்ணிடலாம் சார்” என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

கலவையை அளக்கும் கருவி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது: புகைச் சான்று. பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரை போகலாம். பாஸா ஃபெயிலா என்று மட்டும் பார்த்து அந்தச் சீட்டை டேஷ்போர்டில் செருகிவிடுகிறோம். 2.9 சதவீதத்தில் பாஸான வண்டியும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். டியூனிங்குக்கு முன் ஒரு சீட்டு, பின் ஒரு சீட்டு எடுத்து, இரண்டு எண்களையும் மைலேஜ் நோட்டில் எழுதி வையுங்கள். அதன் பிறகும் கார்பன் மோனாக்சைடு எண் இறங்கவில்லையென்றால் மட்டும் புதுக் கார்புரேட்டருக்குப் பெங்களூருவின் ஜே.சி. ரோட்டுக் கடைகளுக்குப் போங்கள்.