கியர் ஆயில் கசிவு: கண்டறிதலும் சீர்செய்தலும்

மும்பையின் குர்லா ஆலையில் உருவாகி, 2023 அக்டோபர் இறுதிவரை அந்நகரின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பிரிமியர் பத்மினி போன்ற பின்சக்கர இயக்கக் கார்களில், இன்ஜினின் விசையை வேகத்திற்கேற்ப மாற்றித் தரும் கியர் பாக்ஸுக்குத் தனி எண்ணெய் உண்டு. பற்சக்கரங்கள் உரசித் தேயாமல் காக்கும் இந்தக் கியர் ஆயில் குறைந்தால் முதலில் இரைச்சலும் பின்னர் பழுதும் தோன்றும்.

கசிவு தென்படும் இடமும் தொடங்கும் இடமும் பெரும்பாலும் வேறுவேறு. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுவதால், அடிப்பகுதியை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டியபின், ஈரமான பகுதிகளுள் மிக உயரத்திலும் முன்புறத்திலும் உள்ளதைத் தேடுவதே முறை.

சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் இறுகிப்போவது, இணைப்புகளுக்கு இடையிலுள்ள கேஸ்கெட் கிழிவது, வடிகால் போல்ட் தளர்வது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆயினும் சீலை மாற்றுமுன், பெட்டியின் காற்றுத்துளையான பிரீதரைப் பார்க்க வேண்டும். அது சேற்றால் அடைபட்டால், சூடேறி விரியும் காற்று வெளியேற வழியின்றி, புதிய சீலின் வழியாகவும் எண்ணெயைத் தள்ளிவிடும். மழைநீர் தேங்கும் மும்பையின் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் போன்ற இடங்களைக் கடந்த வண்டியில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீர் புகுந்திருப்பதால் முழுவதையும் மாற்றியாக வேண்டும்.

புதிய சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க, அதன் விளிம்பில் கிரீஸ் தடவி, கோணாமல் சீராகத் தட்டிப் பொருத்தி, சமதளத்தில் நிறுத்திய வண்டியில் நிரப்புத் துளையின் கீழ்விளிம்பு வரை, தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்து எண்ணெயை ஊற்றினால், கியர் பாக்ஸ் நெடுநாள் உழைக்கும்.