பல்லாங்குழி: விதி வேறுபாடுகளும் பதிவுமுறையும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழரின் இல்ல விளையாட்டுகளுள் பல்லாங்குழி குறிப்பிடத்தக்கது. அதன் தோற்றம், சமூகப் பொருள் ஆகியவை பேசப்பட்ட அளவிற்கு அதன் விதி வேறுபாடுகள் தனித்தனியே பதிவு பெறவில்லை. சிறிய விதி மாற்றமும் ஆட்டத்தின் இயல்பையே மாற்றுகிறது என்பதை முதல் ஆட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டி, களஆய்வில் விதிகளைப் பதிவு செய்வதற்குரிய முறையொன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பல்லாங்குழி, இல்ல விளையாட்டு, விதி வேறுபாடு, பசு, களஆய்வு.

முன்னுரை

தாயம், பரமபதம், ஆடுபுலி ஆட்டம், பல்லாங்குழி ஆகியன தமிழ்க் குடும்பங்களில் தலைமுறைதோறும் ஆடப்பட்டு வந்த ஆட்டங்கள். இவற்றுள் பல்லாங்குழி பெரும்பாலும் பெண்களின் ஆட்டமாக வழங்கி வந்துள்ளது. பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே அமர்ந்து ஆடுவதற்கு ஒரு பலகையும் ஒரு கை புளியங்கொட்டையும் போதும். திருமணச் சீர்வரிசையில் பல்லாங்குழிப் பலகை இடம்பெறும் வழக்கமும் உண்டு.

உலகின் பல பகுதிகளில் ஆடப்படும் மன்கலா என்னும் குழியாட்டக் குடும்பத்தைச் சேர்ந்தது பல்லாங்குழி. கன்னடத்தில் அளிகுளிமணெ, தெலுங்கில் வாமனகுண்டலு, சிங்களத்தில் ஒலிந்த கெலிய, மலாயில் சொங்கா என இதன் உறவு ஆட்டங்கள் பரவியுள்ளன. இலங்கையின் ஒலிந்த கெலிய பற்றி எச். பார்க்கர் 1909இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். தமிழில் விளையாட்டுகளைத் தொகுத்துரைத்த முன்னோடிகளுள் தேவநேயப் பாவாணர் ஒருவர்.

பலகையும் விதியும்

பல்லாங்குழிப் பலகையில் வரிசைக்கு ஏழாக 14 குழிகள் உள்ளன. காய்களாகப் புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி முதலியன பயன்படுகின்றன. ஒருவர் தம் வரிசையிலுள்ள ஒரு குழியின் காய்களை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியிலுள்ள காய்களை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாக இருப்பின், அதனைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியின் காய்களை வென்றெடுப்பார். பின்னர் ஆட்டம் எதிராளிக்குச் செல்லும்.

இந்தப் பொது அமைப்பிற்குள் வேறுபாடுகள் பல. குழிக்கு 5 காய் வைத்து 70 காய்களால் ஆடும் முறை ஒன்று. இரு நடுக்குழிகளில் ஒவ்வொன்றும் ஏனைய குழிகளில் பன்னிரண்டும் இட்டு 146 காய்களால் ஆடும் முறை மற்றொன்று. வெறுங்குழிக்கு அடுத்த குழியின் காய்களை மட்டும் எடுப்போரும், அதற்கு எதிரே அமைந்த குழியின் காய்களையும் சேர்த்து எடுப்போரும் உளர். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதனைப் 'பசு' எனக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளும் விதியும் வழக்கில் உள்ளது.

அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்ற ஒரு பலகை குழிகளின் எண்ணிக்கையையும் மரவேலைப்பாட்டையும் காட்டும். அதன்மேல் எந்த விதிப்படி ஆடினர் என்பதைக் காட்டாது. அவ்விதி ஆடியவர்களின் நினைவிலும் கைப்பழக்கத்திலும் மட்டுமே உள்ளது.

முதல் ஆட்டம்: ஒரு கணக்கீடு

விதி மாற்றத்தின் விளைவை 70 காய் முறையின் முதல் ஆட்டத்தைக்கொண்டு அறியலாம். முதலில் ஆடுபவரின் வரிசையை இடமிருந்து வலமாக 1 முதல் 7 வரையும், எதிர்வரிசையை வலமிருந்து இடமாக 8 முதல் 14 வரையும் எண்ணிட்டு, அவ்வெண் வரிசையிலேயே காய் இடுவதாகக் கொள்க.

முதற்குழியிலிருந்து தொடங்கினால் 1, 7, 13, 5, 12 ஆகிய குழிகளிலிருந்து முறையே காய்கள் எடுக்கப்படுகின்றன. இறுதிக் காய் 4ஆம் குழியில் விழுகிறது. 5ஆம் குழி வெறுமையாக உள்ளதால் 6ஆம் குழியிலுள்ள 7 காய்கள் கிடைக்கின்றன. தொடக்கத்தில் எல்லாக் குழிகளிலும் காய்கள் சமமாக இருப்பதால், எக்குழியிலிருந்து தொடங்கினாலும் இதே ஓட்டம் நிகழும். வெற்றி 7 காய்களே. ஆகவே இம்முறையில் முதல் ஆட்டக்காரரின் தேர்வு அப்போது கிடைக்கும் காய்களின் எண்ணிக்கையை மாற்றுவதில்லை.

எதிர்க்குழியையும் சேர்த்தெடுக்கும் விதி வந்தால் நிலைமை மாறுகிறது. 1 முதல் 7 வரையுள்ள குழிகளிலிருந்து தொடங்கினால் முறையே 14, 8, 7, 15, 9, 8, 14 காய்கள் கிடைக்கும். நடுக்குழியில் தொடங்குபவர் பெறுவது, மூன்றாம் குழியில் தொடங்குபவர் பெறுவதைப்போல் இரு மடங்கிற்கும் மேல். தேர்வுக்கு இடமில்லாதிருந்த முதல் ஆட்டம், ஒரே விதியால் கணித்து ஆட வேண்டிய ஆட்டமாகிவிடுகிறது.

பசு விதியோ இங்கு எம்மாற்றத்தையும் விளைவிப்பதில்லை. முதல் ஆட்டத்தில் எக்குழியிலும் காய் சேர்ந்து நான்காவதில்லை. அவ்விதியின் பயன் பின்வரும் ஆட்டங்களிலேயே வெளிப்படும்.

விதியும் விளக்கமும்

பல்லாங்குழிக்குச் சமூகவியல் நோக்கில் விளக்கம் தந்தவர்களுள் தொ. பரமசிவன் முதன்மையானவர். 'அறியப்படாத தமிழகம்' நூலில், இவ்வாட்டத்தைத் தனியுடைமை உணர்வின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தி அவர் ஆராய்ந்துள்ளார். சமமான காய்களோடு தொடங்கும் இருவருள் ஒருவர் இழப்பதும் மற்றவர் சேர்ப்பதும் அவ்விளக்கத்திற்கு இடமளிக்கின்றன.

இத்தகைய விளக்கத்திற்கு வலுவூட்டுவது அடுத்த சுற்றைப் பற்றிய விதியாகும். வென்ற காய்களைக் கொண்டே தம் குழிகளை நிரப்பி, நிரப்ப இயலாத குழிகளை விலக்கி ஆடும் வழக்கில், இழந்தவர் குறைந்த குழிகளோடு மீண்டும் ஆட வேண்டும். ஏற்றத்தாழ்வு சுற்றுதோறும் தொடரும். ஒவ்வொரு சுற்றையும் சமமான காய்களோடு புதிதாகத் தொடங்கினால் அத்தொடர்ச்சி அறுபடும். ஆகவே ஒரு விளக்கம் எவ்விதிப்படி ஆடப்பட்ட ஆட்டத்திற்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுவது ஆய்வாளரின் கடமையாகிறது.

பதிவுமுறை

களஆய்வில் ஆறு செய்திகளைத் தவறாது பதிவு செய்தல் வேண்டும்: தொடக்கக் காய்களும் நடுக்குழியின் நிலையும், காய் இடும் திசை, கைக்காய் தீர்ந்தபின் தொடரும் முறை, வென்றெடுக்கும் குழிகள், பசு உண்டா, அது யாருக்கு உரியது என்பது, சுற்றின் முடிவும் அடுத்த சுற்றின் தொடக்கமும். இவற்றோடு ஊர், ஆடுபவரின் வயது, யாரிடம் கற்றார் என்பனவும் இணைதல் நலம்.

வாய்மொழி விளக்கம் மட்டும் போதாது. பழகிய கை செய்வதை வாய் சொல்லாமல் விடுவதுண்டு. எனவே தகவலாளரை முதல் ஆட்டத்தை ஆடச்செய்து, எடுத்த குழிகளையும் வென்ற காய்களையும் குறித்தல் வேண்டும். கூறப்பட்ட விதிப்படி கணக்கிட்ட எண்ணும் ஆடிக் கிடைத்த எண்ணும் ஒவ்வாவிடின், காய்கள் சரியாக இடப்பட்டனவா என முதலில் பார்த்து, பின்னர் சொல்லப்படாத விதி எது எனக் கேட்டறியலாம்.

முடிவுரை

பல்லாங்குழி என்பது ஒரே விதியுடைய ஓர் ஆட்டம் அன்று. ஒரே பலகையில் ஆடப்படும் பல ஆட்டங்களின் தொகுதி. சரியான விதி எது எனத் தேர்வதைவிட, வழங்கும் விதிகள் அனைத்தையும் இடம் சுட்டிப் பதிவு செய்வதே ஆய்வுக்குப் பயன் தரும். பலகைகளைப் பின்னரும் சேகரிக்கலாம். அவற்றின்மீது ஆடி வளர்ந்த முதியோரிடமிருந்து விதிகளைப் பெறுவதற்குரிய காலமோ குறுகியது.