டெஸ்ட் எல்லாம் பச்சை... விடை மட்டும் தப்பு!

ப்ரோக்ராம் ஓடிடுச்சு, டெஸ்ட் எல்லாம் பச்சை கலர் காட்டுது. அப்புறமும் அவுட்புட் தப்பா இருக்குமா? இருக்கும் பாஸ், எங்க டீமே சாட்சி!

வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. பேப்பரில் நீர்மட்டம் அடிக்கணக்கில்தான் வரும். அதை மீட்டருக்கு மாற்றுவதுதான் எங்க மினி ப்ராஜெக்ட். பெரியாறு அணையின் 47.56 அடியைக் கொடுத்தோம். 16.55088 மீட்டர்னு வந்துச்சு. ஜேயூனிட்டில் 'வரவேண்டிய விடை'ன்னு ஒரு இடம் இருக்கே... அங்கே நான் ஸ்க்ரீனில் வந்த எண்ணையே காப்பி அடிச்சுட்டேன். பிட்டை நாமே எழுதி, பேப்பரையும் நாமே திருத்தினா பாஸாகாம என்ன செய்யும்?

மாட்டிவிட்டது ஃப்ரெண்டோட பெரியப்பா. விவசாயி. "இருபது அடி பைப்பு ஆறு மீட்டர்டா. நாப்பத்தேழரை அடின்னா பதினாலு, பதினாலரை. பதினாறரை எங்கிருந்து வந்துச்சு?"ன்னார். பார்த்தா, 0.3048-ன்னு இருக்கவேண்டிய இடத்தில் 0.348. ஒரு பூஜ்யம் அவுட்!

நாசாவே இப்படி மாட்டியிருக்கு. 1998 டிசம்பரில் கிளம்பிய 'மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர்', 1999 செப்டம்பர் 23-ம் தேதி செவ்வாய்க்குப் பக்கத்தில் போய் காணாமலே போச்சு. தரையில் இருந்த ஒரு சாஃப்ட்வேர் தன் விடையை பவுண்டு கணக்கில் கொடுக்க, வாங்கின சாஃப்ட்வேர் அதை நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்கிட்டது. ஒரு பவுண்டு விசைங்கிறது சுமார் 4.45 நியூட்டன். எண்ணைப் பார்த்தாங்க, அலகைப் பார்க்கலை.

சரி, எங்க கதைக்கு வருவோம். பூஜ்யத்தைச் சேர்த்து, கால்குலேட்டரில் தனியா போட்டு, 14.50-ன்னு எழுதினோம். டெஸ்ட் சிவப்பு! ப்ரோக்ராம் சொன்னது 14.496288. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினாலே 0.30000000000000004-ன்னு சொல்ற ஆசாமி அது. அதனால, 'இவ்வளவு வித்தியாசம் இருந்தா பரவாயில்லை'ன்னு மூணாவதா ஒரு எண் கொடுக்கணும்.

"மூணுன்னு போட்ருடா மாப்ள, சிவப்பே வராது"ன்னான் ஒருத்தன். போட்டா பழைய பதினாறரையும் பாஸாகிடுமே! 0.01 போட்டோம். பச்சை.

பெரியப்பா மட்டும் விடலை. "இப்ப எவ்வளவு காட்டுது? கலரைச் சொல்லாதே, நம்பரைச் சொல்லு."