இடிக்கும் முன்...

சென்னை அண்ணா சாலையில் 1897-இல் எழுந்தது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 2006-இல் அதன் உரிமையாளரான எல்.ஐ.சி., பாதுகாப்பற்றது என்று சொல்லி இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியக் காப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றப் படியேறியது. 2010-இல் உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்தது. கட்டடம் பிழைத்தது, ஆனால் பல ஆண்டுகள் சிதைந்தே கிடந்தது. தடை உத்தரவு ஒழுகும் கூரையை அடைத்துவிடாதே!

இடிக்கச் சொல்பவர்களின் கவலையும் நியாயமானதுதான். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலச மகாலில் தீப்பிடித்தபோது தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். 1768-இல் கட்டப்பட்ட ஆர்க்காட்டு நவாபின் மாளிகை அது. எரிந்து நின்ற சுவர்களை இடித்துத் தள்ளாமல், பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே சீரமைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கேதான் இயங்குகிறது.

பழைய முறை என்றால் சுண்ணாம்பு. மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசுவது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழும். விரிசலில் முளைத்த அரசங்கன்று வேர்விட்டுச் செங்கற்களைப் பிளக்கும். பல கட்டடங்கள் வயதால் மட்டும் தளர்வதில்லை, தவறான பழுதுபார்ப்பாலும்தான்.

ஆகவே ‘ஆபத்தான கட்டடம்’ என்று நோட்டீஸ் ஒட்டும் முன், சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்த பொறியாளர் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை முட்டுக் கொடுத்து, நடைபாதையை மறித்தால் மக்கள் உயிருக்கும் பாதுகாப்பு.