கார்டை உடைத்தால் எவ்வளவு பொடி?

பிளிசார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட ஹார்த்ஸ்டோன், கணினியிலும் கைபேசியிலும் ஆடும் சீட்டு விளையாட்டு. கார்டுகள் பெரும்பாலும் ஐந்தைந்தாகப் பாக்கெட்டில் வரும். பிரிக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாது. ஐந்தில் ஒன்றாவது 'ரேர்' தரமோ அதற்கு மேலோ இருக்கும், ஒரு பாக்கெட்டுக்கு அவ்வளவுதான் உத்தரவாதம்.

அச்சிட்ட அட்டையில் ஆடும் மேஜிக் போன்ற விளையாட்டில், வேண்டாததை நண்பரிடம் தள்ளிவிட்டு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒருவருடைய கார்டு இன்னொருவர் கைக்குப் போகவே போகாது. அதற்கு மாற்றாக வைத்ததுதான் 'டஸ்ட்' என்கிற மாயப்பொடி. வேண்டாத கார்டை உடைத்தால் பொடி; பொடி சேர்ந்தால் விரும்பிய கார்டைச் செய்துகொள்ளலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் குட்டு வெளிப்படும். 'காமன்' கார்டை உடைத்தால் கிடைப்பது 5 பொடி. அதையே செய்யத் தேவைப்படுவது 40. ரேருக்கு 20, 100. எபிக்குக்கு 100, 400. எல்லாவற்றுக்கும் மேலான லெஜண்டரிக்கு 400, 1600. பழைய நகையை மாற்றப் போனால் சேதாரம் கழிப்பார்களே, அதே கதைதான். ஆனால் எட்டில் ஏழு பங்கைக் கழிக்கும் நகைக்கடையை யாரும் பார்த்திருக்க மாட்டோம். அதிலும், மலிவான கார்டுக்குத்தான் கழிவு அதிகம்; லெஜண்டரியில் நாலில் ஒரு பங்காவது திரும்புகிறது. புதிதாக ஆட வருபவரிடம் காமன்தான் குவிந்திருக்கும். அவற்றை மட்டும் உடைத்து ஒரு லெஜண்டரி செய்ய 320 கார்டு வேண்டும்!

நாலு காமன், ஒரு ரேர் என்று வருவதுதான் மிக மோசமான பாக்கெட். அதை முழுதாக உடைத்தால் 40 பொடி. ஆக, எவ்வளவு துரதிர்ஷ்டசாலியும் 40 பாக்கெட்டில் தான் விரும்பிய ஒரு லெஜண்டரியைச் செய்துவிடலாம். துரதிர்ஷ்டத்துக்கு ஓர் எல்லை கட்டியிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உடைத்ததற்குச் சமமாகவே பொடி கொடுத்தால் என்ன? இன்று ஜெயிக்கும் சீட்டுக்கட்டை நாளை உடைத்து, நாளை ஜெயிக்கும் கட்டைச் செய்துகொள்ளலாம். பிறகு புதுப் பாக்கெட்டை யார் வாங்குவார்கள்? இந்தக் கழிவு கைதவறி வந்ததல்ல, வியாபாரமே அதில்தான் நிற்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் கழிவு மறைகிறது. அபூர்வமாகப் பொன்னிறத்தில் மின்னும் 'கோல்டன்' கார்டுகள் வரும். ஆட்டத்தில் அவற்றுக்குத் தனிச் சக்தி கிடையாது, வெறும் பகட்டு. கோல்டன் ரேரை உடைத்தால் 100, எபிக்குக்கு 400, லெஜண்டரிக்கு 1600. அதாவது அதே தரத்தில் எந்தச் சாதாரணக் கார்டையும் செய்யப் போதுமான பொடி. கோல்டன் காமனுக்கு 50 கிடைக்கும். ஒரு காமன் செய்தது போக 10 மிச்சம். பகட்டில் ஆசை இல்லாதவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்காது.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஒரு கார்டு அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் நிறுவனம் அதன் பலத்தைக் குறைக்கும். அப்படிக் குறைத்த கார்டுக்கு வழக்கமாக இரண்டு வாரம்போல, செய்யும் விலை முழுவதையும் திருப்பித் தருவார்கள். ஒரே தரத்தில் எந்தக் கார்டை உடைப்பது என்று குழம்பினால் அவசரப்படாதீர்கள். எல்லோரும் "இதை ஜெயிக்கவே முடியவில்லை" என்று புலம்பும் கார்டு கையில் இருந்தால், அதைக் கடைசியாக உடையுங்கள்.